கெட்டிலின் அடியில்

இளசுதான் முதலில் மஞ்சளாகிறது.
குறித்துக்கொண்டேன், தொழில் பழக்கம்:
எங்கே தொடங்கியது, எப்போது, எவ்வளவு.
அடியிலைகள் இன்னும் கரும்பச்சை, எண்ணெய் தடவிய மாதிரி.
நுனியில் விரிந்தவை மட்டும் எலுமிச்சைத் தோல் நிறம்,
அதற்குள் நரம்புகள் பச்சையாக,
ஊசி போடக் கை தேடும்போது
சிலருக்கு மட்டும் தெரியுமே, அத்தனை தெளிவாக.

டன்ஸ்டபிள். ஏப்ரல்.
பின்பக்கத் தோட்டம், பதினோரடிக்கு ஏழு.
கடையை மூடுகிறார்கள் என்று ஆறு பவுண்டுக்கு
ஸ்டீபன்ராஜ் தூக்கிவந்த கமேலியா.
முதல் வருடம் ஒன்பது பூ. அடுத்த வருடம் மூன்று.
இந்த வருடம் மொட்டுகள் பழுத்து
சட்டைப் பித்தான்களாய் உதிர்ந்தன.

பக்கத்து வீட்டு ஹலினா காப்பிச் சக்கை என்றாள். போட்டேன்.
தபால்காரர் தண்ணீர் போதாது என்றார்.
கூட இரண்டு வாளி.
எப்சம் உப்பும் கரைத்து ஊற்றினேன்;
அது அடியிலையில் தொடங்கும் குறைக்கு மருந்து,
எனக்கே உறைத்திருக்க வேண்டும்.
ஸ்டீபன்ராஜ் நோட்டை எடுத்தார்.
தமிழ்ச் சங்க ஆண்டு மலருக்கு
அயல்மண்ணில் வாடும் செடி என்று நாலு வரி.
அதை எழுதினால் இன்றைக்குச் சமையல் நீங்கள் என்றேன்.
எழுதினார். சமைத்தார்.
ரசத்தில் உப்பில்லை.

செடிக்கு ஊர் நினைப்பெல்லாம் கிடையாது.
ஏதோ ஒன்று கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

டயாலிசிஸ் வார்டில் நாற்காலி நான்கு, கோலின் ட்ரூவெட்.
கூரை வேய்ந்து ஓய்ந்தவர்.
உடம்பில் இரும்புச் சேமிப்பு ஏராளம், ஆனாலும் சோகை.
பெட்டகம் நிறைய இருக்கிறது, சாவிதான் இல்லை என்றேன்.
என் மச்சான் மாதிரி என்றார்.

ஒரு நாள் காலை ஆறே முக்காலுக்கு
வடிகட்டி அறையில்
தண்ணீரைச் சோதிக்கும் பட்டையை நனைத்தேன்.
எத்தனையோ வருடமாக நனைப்பதுதான்.
சுண்ணாம்பு தாண்டி வந்துவிட்டால்
பதினாறு நாற்காலிக்கும் வாந்தி, தலைவலி, ரத்த அழுத்தம்.
நிறம் மாறவில்லை. கையெழுத்திட்டேன்.
பேனா எடுக்காமல் நின்றேன்.

வீட்டில் கெட்டில்.
அதன் அடியில் முட்டையோடு மாதிரி வெள்ளை,
மாதம் ஒருமுறை வினிகர் விட்டுச் சுரண்டுவது.
அதே குழாய். அதே வாளி.
மூன்று கோடையாக, மாலை மாலை,
பாசமென்றே நினைத்துக்கொண்டு.

ஒரு கரண்டி மண்ணில் வினிகர் விட்டேன்.
சோடாவாய்ச் சீறியது.
ஊரே சுண்ணாம்புக் குன்றின் காலடி;
நான் வேறு மேலே ஊற்றியிருக்கிறேன்.
இரும்பு மண்ணில் இல்லாமலில்லை.
வேரின் வாயருகே, கட்டுண்டு கிடந்தது.

சனிக்கிழமை தோண்டினோம்.
பெரிய தொட்டி, புளிப்பு மண்,
ஷெட் கூரைக் குழாயைத் திருப்பி ஒரு மழைப் பீப்பாய்.
கரைத்த இரும்பு சிவப்பாக இருந்தது.
ஸ்டீபன்ராஜ் வாயைத் திறக்குமுன்
பீட்ரூட் சாறு மாதிரி என்று சொல்லிவிட்டேன்.

பிறகு மழையே இல்லை.
மே மாதம் முழுக்க, இங்கிலாந்தில்,
வானம் பார்த்த பீப்பாய்.
பூங்காவில் எல்லோரும் வெயிலுக்கு நன்றி சொல்லிப் படுத்திருக்க
நான் மட்டும் மேகத்துக்கு அண்ணாந்தேன்.
இருபத்தேழாம் தேதி இரவு கூரை சடசடத்தது.
நைட்டியோடு ஓடிப்போய் மூடியைத் திறந்துவைத்தேன்.

மஞ்சளானவை மஞ்சளாகவே இருக்கின்றன.
சில ஓரம் கருகிவிட்டன, வெட்டவில்லை.
ஜூன் ஒன்பது: நுனியில் இரண்டு.

கோலினுக்குத் தொண்ணூற்றொன்றிலிருந்து தொண்ணூற்றெட்டு.
உன் செடிக்கு எவ்வளவு என்றார்.
இரண்டு இலை.
பச்சையா?
பச்சை.

அரைக் கோப்பை தேநீர்தான் அவருக்கு அளவு.
இதுவும் கமேலியாவும் ஒரே குடும்பம் என்று நீட்டினேன்.
குடிக்கவில்லை உடனே.
மூக்கருகே கொண்டுபோய்
கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.